அலங்கரித்த கலிங்கம்

கடல் அட்டை வேறு, கடல் நத்தை வேறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமேசுவரம் பக்கம் பிடித்து, வேகவைத்து, உலர்த்தி, கள்ளத்தனமாக வெளிநாட்டுக்கு அனுப்பப் பார்த்துப் பிடிபட்டார்கள் என்று பேப்பரில் அடிக்கடி வருமே, அது கடல் அட்டை. நட்சத்திர மீனுக்கு அது பங்காளி. நான் இன்று எழுதப்போவது ஓடு இல்லாத கடல் நத்தையைப் பற்றி. மழைக்காலத்தில் தோட்டத்துச் சுவரில் பளபளவென்று கோடு போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும் ஓடில்லா நத்தையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கடலில் உள்ள உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தோட்டத்து நத்தை சாம்பல் நிறம், பார்த்தால் அருவருப்பு. கடலில் உள்ளவை கல்யாண வீட்டுப் பெண்கள் மாதிரி. மஞ்சள், ஊதா, சிவப்பு, கரைபோட்டது, புள்ளிபோட்டது என்று எல்லா உடுப்பிலும் இருக்கின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த பிறகு சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் நீல டிராகன் ஒதுங்கியது, தொடாதீர்கள் என்று செய்தி வந்ததே, அதுவும் இந்தக் கூட்டம்தான். கட்டைவிரல் அளவு கூட இருக்காது. மிதக்கும் சொறியைத் தின்று அதன் விஷ முட்களைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் தொட்டால் எரிகிறது.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சில். லிமாஸ் என்றால் ஓடில்லா நத்தை, லிமாஸ் தெ மேர் என்றால் அதன் கடல் வகை என்பது சிறு வயதிலேயே காதில் விழுந்த வார்த்தைகள். இந்தக் கூட்டத்துக்கு அறிவியல் பெயர் வைத்ததும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், ழோர்ழ் க்யூவியே. பிரெஞ்சுப் புரட்சி நடந்த காலத்தில் அவர் பாரீசில் இல்லை. நார்மண்டியில் ஒரு பிரபுவின் வீட்டில் பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, ஒழிந்த நேரத்தில் கடற்கரைக்குப் போய் அகப்பட்டதை எல்லாம் அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைநகரில் தலைகள் உருண்டபோது இவர் நத்தையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். பிற்பாடு பெரிய விஞ்ஞானியாகி, 1817-இல் வெளியிட்ட விலங்குலகம் பற்றிய நூலில் இந்த வகைக்கு நுதிபிரான்ஷ் என்று பெயர் கொடுத்தார். செவுள் மூடாமல் திறந்து கிடப்பவை என்று பொருள். மீனுக்குச் செவுள் மூடிக்குள் இருக்கும். இதற்கு முதுகின் மேல் பூ மாதிரி விரிந்து நிற்கும்.

இந்தக் கூட்டத்தில் ஒன்றின் பெயர் கலிங்கா ஓர்நாடா. ஆம், நம் கலிங்கம்தான். ஆயிரம் யானைகளைக் கொன்ற பரணி பாடிய கலிங்கம். ஓர்நாடா என்பது லத்தீன், அலங்கரிக்கப்பட்டது என்று அர்த்தம். பிரெஞ்சு படித்தவர்களுக்கு ஓர்னே என்ற சொல் உடனே நினைவுக்கு வரும். பெயர் வைத்தவர்கள் நினைத்தது கலிங்க நாட்டுக் கடற்கரையை. ஆனால் தமிழ் தெரிந்தவனுக்கு இன்னொரு அர்த்தமும் கிடைக்கிறது. பழந்தமிழில் கலிங்கம் என்றால் துணி. கலிங்க நாட்டிலிருந்து வந்த துணிக்கு நாட்டின் பெயரே நின்றுவிட்டது. அப்படியானால் கலிங்கா ஓர்நாடா என்பது அலங்கரித்த துணி, பூவேலை செய்த சேலை! இங்கிலாந்தில் உட்கார்ந்து பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. பொருத்தம் மட்டும் தானாக அமைந்துவிட்டது.

இந்தப் பிராணி எப்படி இருக்கும்? வெளுத்த, ஓரளவு கண்ணாடி போன்ற மெத்தென்ற உடம்பு. அதன்மேல் சிவப்பும் செம்மஞ்சளுமாகக் குமிழ்கள். நெற்றிக்கு முன்னால் தோரணம் கட்டியது போலக் கிளை கிளையாக நீட்டல்கள். தலையில் இரண்டு கொம்பு. அது முட்டுவதற்கு அல்ல, மோப்பம் பிடிப்பதற்கு. முதுகில் செவுள் கொத்து. நன்றாக வளர்ந்தது ஒரு கை நீளத்தில் பாதிக்கும் குறைவு. விரலை விடப் பெரிது என்பதால் தன் இனத்தில் இது கொஞ்சம் ஆகிருதியான ஆசாமிதான். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஜப்பான் வரை மணலும் சேறுமான கடலடியில் இருக்கிறது. மற்ற கடல் நத்தைகள் பெரும்பாலும் கடற்பஞ்சு, பாசிபோல் படரும் நுண்ணுயிர்க் கூட்டம் என்று அசையாத சாப்பாட்டைத் தேடும். இது அப்படி இல்லை. நொறுங்கு நட்சத்திரம் என்று ஒன்று இருக்கிறது, நட்சத்திர மீனைப் போல ஐந்து கை, ஆனால் பாம்பு வால் மாதிரி மெலிந்து நெளியும், தொட்டால் ஒடியும். அதைத் தின்கிறது இந்த மெத்தென்ற பிராணி. இன்னொரு விசேஷம், இருட்டில் சீண்டினால் ஒளிவிடும்.

சின்னக் குஞ்சாக முட்டையிலிருந்து வெளிவரும்போது இந்தக் கூட்டத்துக்கு ஓடு உண்டு. மற்ற நத்தைக் குஞ்சுகளைப் போலவே ஓட்டோடு நீந்தி, கீழே இறங்கி வாழ ஆரம்பிக்கும்போது அதை உதறிவிடுகின்றன. ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும். முட்டைகளை நாடா மாதிரி சுருட்டி ஒட்டி வைக்கும். ஆயுசு கொஞ்சம்தான். பல இனங்கள் ஒரு வருஷம் தாண்டுவதில்லை. இவ்வளவு நிறம் இருந்தும் அவற்றின் கண்ணுக்கு வெளிச்சம், இருட்டு இரண்டும்தான் தெரியும். தன் சேலையின் நிறம் தனக்கே தெரியாது.

இந்தக் கலிங்கத்தைக் கண்டெடுத்தவர் ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர். அதனால்தான் எனக்கு இந்தக் கதையில் இவ்வளவு ஈடுபாடு. அவர் பெயர் வால்டர் எலியட். (எலியட்ஸ் பீச்சுக்குப் பெயர் கொடுத்தவர் இவர் அல்ல. அவர் சென்னையில் போலீஸ் கண்காணிப்பாளராகவும் மாஜிஸ்ட்ரேட்டாகவும் இருந்த எட்வர்ட் எலியட்.) வால்டர் 1803-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1821-இல், பதினெட்டு வயதில், கம்பெனி உத்தியோகத்துக்குச் சென்னை வந்து இறங்கினார். மூன்று வருஷம் கழித்து அவர் போய் மாட்டிக்கொண்ட இடம் கித்தூர். ராணி சென்னம்மாவின் கித்தூர்தான். தத்துப்பிள்ளையை ஏற்க மாட்டோம் என்று கம்பெனி அதிகாரி தாக்கரே படையோடு போக, 1824 அக்டோபரில் நடந்த சண்டையில் தாக்கரே இறந்தார். ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேக்கு அவர் சித்தப்பா முறை. அவரோடு இருந்த இளைஞர் எலியட்டும் ஸ்டீவன்சன் என்பவரும் ராணியின் கைதிகளாகச் சில வாரங்கள் இருந்துவிட்டு உயிரோடு திரும்பினார்கள். ராணி அன்று வேறு மாதிரி முடிவு எடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு விஷயமே இருந்திருக்காது.

அப்புறம் மனிதர் மேலே மேலே போனார். கவர்னருக்குச் செயலாளர், வருவாய் வாரியம், 1845 முதல் வட சர்க்கார் ஜில்லாக்களின் பொறுப்பு, 1854-இல் சென்னை கவர்னரின் ஆலோசனை சபை. பகலில் நிலவரி, பஞ்சம், ஜமீன்தார் தகராறு. மற்ற நேரத்தில் அவர் தொடாத விஷயம் இல்லை. 1845-இல் அமராவதியில் தோண்டி சலவைக்கல் சிற்பங்களை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அவை வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859-இல் லண்டனுக்குப் போயின. எலியட் மார்பிள்ஸ் என்ற பெயரில் பிரிட்டிஷ் மியூசியத்தில் வெகுகாலம் அறியப்பட்டவை அவைதான். தோண்டினதற்கு நன்றி சொல்வதா, கொண்டுபோனதற்கு வருத்தப்படுவதா என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. எனக்கு இரண்டாவதுதான் அதிகம்.

தெலுங்கு ஜில்லாக்களில் காணும் செடிகொடிகளுக்கு உள்ளூர்ப் பெயரோடு ஒரு பட்டியல் போட்டு 1859-இல் ஃப்ளோரா ஆந்த்ரிகா என்று வெளியிட்டார். தென்னிந்திய நாணயங்களைச் சேர்த்தார். நம் பக்கத்துக் காடுகளில் அணில் மாதிரி ஒரு பிராணி உண்டு, மூங்கில் அணத்தான். அதன் அறிவியல் பெயர் அனதானா எல்லியோட்டி. முன்பாதி நம் தமிழ், பின்பாதி இவர். டார்வினுக்கு இவர் இங்கிருந்து வளர்ப்புப் புறாக்களின் தோல்களைப் பாடம்பண்ணி அனுப்பினார். 1859-இல் வந்த டார்வினின் உயிரினத் தோற்றம் நூலின் முதல் அத்தியாயத்திலேயே, இந்தியாவிலிருந்து உதவியவர் என்று இவர் பெயரைப் பார்க்கலாம்.

வட சர்க்கார் உத்தியோகத்தில் அவர் இருந்த இடம் விசாகப்பட்டினத்தை ஒட்டிய வால்டேர். நான் ஏனாமில் வேலை பார்த்த நாட்களில் ரயில்காரர்கள் வால்டேர், வால்டேர் என்று சொல்லும்போதெல்லாம் பிரெஞ்சு படித்த என் காதில் அது வோல்தேராகத்தான் விழும். கோதாவரி முகத்துவாரத்தில் இருக்கும் ஏனாமிலிருந்து வடக்கே போனால் இருநூறு கிலோமீட்டர் சுமாரில் விசாகப்பட்டினம். ஏனாம் பக்கம் கரை எல்லாம் சேறு, அலையாத்திக் காடு. வால்டேர் பக்கம் போனால் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. பாறைகள், கடல் வாங்கும்போது பாறைக்கிடையே தேங்கி நிற்கும் குட்டைகள். கடல் நத்தை தேடுகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம். 1850-களின் முற்பகுதியில் எலியட் அங்கே இவற்றைச் சேர்க்க ஆரம்பித்தார். சேறடியில் வாழும் கலிங்கா மாதிரியான பிராணி பாறைக் குட்டையில் கிடைக்காது. வலையில் வந்ததைக் கரையில் உதறும்போது யாரோ ஒரு மீனவர் இது துரைக்கு ஆகும் என்று ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. சங்கு, சிப்பி என்றால் உள்ளே இருப்பதைக் கழுவிவிட்டு ஓட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பலாம். பட்டாம்பூச்சி என்றால் குத்தி வைக்கலாம். ஓடில்லாத நத்தையை என்ன செய்வது? சாராயத்தில்தான் போட வேண்டும். சாராயத்தின் குணம் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனிதனைச் சிவக்க வைப்பது நத்தையை வெளுக்க வைக்கிறது. போட்டவுடன் உடம்பு சுருங்கும். நாள் ஆக ஆக மஞ்சள், ஊதா, சிவப்பு எல்லாம் கரைந்துபோய், எந்தப் பிராணியைப் போட்டாலும் கடைசியில் ஊறவைத்த கொட்டைப் பருப்பு மாதிரி ஒரு கட்டிதான் மிஞ்சும். கப்பலில் ஏறி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கிலாந்து போய்ச் சேர்வதற்குள் அலங்கரித்த கலிங்கம் வெள்ளை வேட்டி ஆகிவிடும்.

ஆகவே உயிரோடு இருக்கும்போதே, ஒரு தட்டில் கடல் தண்ணீர் விட்டு அதில் பிராணியை விட்டு, அது ஊர்ந்து விரியும்போது பார்த்து, நிறத்தோடு வரைந்துவிட வேண்டும். சூடு ஏறினால் செத்துவிடும். செத்தால் செவுள் உள்ளே இழுத்துக்கொள்ளும். வால்டேர் வெயிலில் இதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதைச் செய்தவர்கள் எலியட் சம்பளம் கொடுத்து வைத்திருந்த நம் நாட்டு ஓவியர்கள். கோயில் சீலையிலும் கண்ணாடியிலும் சாமி படம் எழுதிய கை, அன்று தட்டில் இருந்த ஒரு புழுவின் முதுகில் எத்தனை குமிழ், எந்தக் குமிழ் சிவப்பு, எது வெளிறல் என்று எண்ணி எழுதியது.

படங்களும் சாராயப் புட்டிகளும் எலியட்டின் குறிப்புகளும் போய்ச் சேர்ந்த இடம் இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள நியூகாசில். நிலக்கரி ஊர். அங்கே ஜோஷுவா ஆல்டர், ஆல்பனி ஹான்காக் என்று இரண்டு நண்பர்கள். ஆல்டர் வியாபாரத்தை விட்டுவிட்டு நத்தை பார்க்க வந்தவர். ஹான்காக் வக்கீல் தொழில் கற்று, அது பிடிக்காமல் வந்தவர். இரண்டு பேரும் சேர்ந்து 1845 முதல் 1855 வரை பிரிட்டிஷ் கடல் நத்தைகளைப் பற்றி வெளியிட்ட பெரிய வண்ணப் படநூலை இன்றைக்கும் அந்தத் துறையில் கும்பிடுகிறார்கள். அந்த வேலை முடிந்த கொஞ்ச நாளில், 1857-இல், அந்த ஊர் பேங்க் ஒன்று திவாலாகி ஆல்டரின் ஆயுள் சேமிப்பு முழுக்கப் போய்விட்டது. அறுபத்தைந்து வயது. நண்பர்கள் முயன்று அரசாங்கத்திடம் ஒரு சின்னப் பென்ஷன் வாங்கிக் கொடுத்தார்கள். பென்ஷன் என்ற சொல்லின் ருசி தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கிறீர்கள், மேலே விளக்க வேண்டாம். அந்த நிலையில் இருந்துகொண்டுதான் அவர் இந்தியக் கரையின் நத்தைகளைப் பற்றி நண்பரோடு சேர்ந்து எழுதினார். எலியட் சேகரித்தவற்றைப் பற்றிய அந்தக் கட்டுரை 1864-இல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. கலிங்கா ஓர்நாடா என்ற பெயர் பிறந்தது அதில்தான்.

கலிங்காவை உயிரோடு அந்த இருவரும் பார்த்ததில்லை. முன்னால் இருந்தது புட்டியில் ஒரு வெளுத்த கட்டி, பக்கத்தில் ஒரு வண்ணப் படம். கட்டியை அறுத்தால் பல்லும் குடலும் தெரியும். அலங்கரிக்கப்பட்டது என்று பெயர் வைக்க அது போதாது. அந்தப் படத்தை நம்பித்தான் வைத்தார்கள்.

அறிவியல் பெயருக்குப் பின்னால் அதை முதலில் விவரித்தவர் பெயரும் வருஷமும் எழுதுவது முறை. இதை எங்கே எழுதினாலும் கலிங்கா ஓர்நாடா, ஆல்டர், ஹான்காக், 1864 என்றுதான் எழுதுவார்கள். இனத்தைச் சேகரித்த எலியட்டின் பெயர் கட்டுரைத் தலைப்பில் நிற்கிறது. வரைந்தவருக்கு அந்த வரியில் இடம் இல்லை. அப்படி ஓர் இடம் விதியிலேயே கிடையாது.

இதைப் படித்தபோது எனக்கு 1986 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் ஆகஸ்டில் கோதாவரி பெருகி ஏனாம் முழுகியது. தண்ணீர் வடிந்ததும் வீடு வீடாகச் சேதக் கணக்கு எடுத்தோம். குடிசை எத்தனை, ஓட்டு வீடு எத்தனை, மாடு எத்தனை, பானை சட்டி முதற்கொண்டு. பத்து நாள் சரியாகத் தூங்கவில்லை. கணக்கைச் சுத்தப்பிரதி எடுத்து மேலே அனுப்பினேன். அது அறிக்கையாக அச்சில் வந்தபோது கீழே மேலதிகாரியின் கையெழுத்து. குறையாகச் சொல்லவில்லை. ஆபீஸ் வழக்கமே அதுதான், சம்பளமும் அதற்குத்தான். ஆனால் அந்தக் கோப்பில் ஒரு வரைபடமும் இருந்தது, தண்ணீர் எந்தத் தெரு வரை வந்தது என்று நீல மையில் கோடு இழுத்தது. எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் முழங்கால் சேற்றில் நடந்து அளந்து போட்டது. வரைபடத்துக்குக் கீழே வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். வரைந்தவர், பிரதி எடுத்தவர், சரிபார்த்தவர் என்று மூன்று வரி. அதில் அவருடைய இனிஷியல் இருந்தது. இரண்டே எழுத்து. பிளூபிரிண்ட் எடுத்த எல்லாப் பிரதியிலும் அந்த இரண்டு எழுத்தும் போயிற்று. எழுத்தர்களாகிய எங்களுக்கு அப்படி ஒரு கட்டம் கிடையாது. அவரைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தக் கட்டத்தை மனமுவந்து கொடுத்த வெள்ளைக்காரர்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். எலியட் காலத்திலேயே சென்னை ராஜதானியில் இருந்த டாக்டர் ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிப் படப் புத்தகங்கள் போட்டவர். அவருக்கு வரைந்த ரங்கையா, கோவிந்து இருவரின் பெயரும் அச்சான படங்களிலேயே இருக்கின்றன. கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே 1853-இல் கோவிந்தூயா என்று பேர் வைத்தார் வைட். பிற்காலத் தாவரவியலார் அந்த இனத்தை வேறொன்றில் சேர்த்துவிட்டதால் பெயர் புழக்கத்தில் இல்லை. ஆனாலும் வைத்தாரே. எலியட்டும் உள்ளூர்ப் பெயர்களை மதித்தவர்தான், செடிப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். கலிங்கத்தின் பெயர் ஒரு நத்தைக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த மனப்பாங்கினால்தான் என்று நினைக்கிறேன். ஊருக்குப் பெயர் கிடைத்தது. கைக்குக் கிடைக்கவில்லை.

எலியட் 1860-இல் ஊர் திரும்பினார். முதுமையில் கண் போயிற்று. தென்னிந்திய நாணயங்கள் பற்றிய அவருடைய புத்தகம் 1885-இல் வந்தபோது அவருக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது, சொல்லச் சொல்ல மற்றவர் எழுதியது. 1887 மார்ச் 1-ஆம் தேதி காலை, நம் ஜி.யு. போப்புக்கு அவருடைய திருக்குறள் பதிப்பைப் பற்றி ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்து, தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார். அன்றே இறந்துபோனார். எண்பத்து நான்கு வயது.

எலியட் வால்டேரில் தேடிய அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், இன்னொரு அரசாங்க உத்தியோகஸ்தரும் இதே வேலையில் இருந்தார். எட்வர்ட் கெலார்ட், இலங்கையிலேயே பிறந்த டச்சு வம்சாவளி டாக்டர், படை மருத்துவர். முத்துச்சிப்பி ஏன் குறைகிறது என்று ஆராய அரசாங்கம் அவரை அமர்த்தியது. அதோடு அவர் திருகோணமலைக் கடலில் நத்தைகளையும் பார்த்துப் பார்த்து எழுதினார், படங்களும் சேர்த்தார். கலிங்காவுக்குச் சொந்தக்கார இனம் ஒன்றுக்கு, அதுவும் ஒளிவிடுகிற சாதிதான், இலங்கையின் பெயரை வைத்தவர் அவர். 1860-இல் இங்கிலாந்து போகும் வழியில் கப்பலிலேயே இறந்துவிட்டார். நாற்பது வயதை ஒட்டித்தான் இருக்கும். அவருடைய படங்களும் கடைசியில் நியூகாசிலுக்கே போய்ச் சேர்ந்தன.

ஆல்டர் 1867-இலும் ஹான்காக் 1873-இலும் காலமானார்கள். புட்டிகளும் படங்களும் ஹான்காக் பெயரிலேயே அமைந்த மியூசியத்தில் கிடந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து அவற்றைத் திறந்து பார்க்க வந்தவர் பெயரும் எலியட்! சர் சார்லஸ் எலியட். இவருக்கு ஆங்கிலத்தில் ஒரு எல் குறைவு, உறவும் இல்லை. ஆனால் உத்தியோகம் மட்டும் அதே அரசாங்க உத்தியோகம். கிழக்கு ஆப்பிரிக்காவில் கமிஷனராக இருந்து, நில விவகாரத்தில் மேலிடத்தோடு ஒத்துப்போகாமல் 1904-இல் ராஜினாமா செய்தவர். பிற்பாடு ஜப்பானில் தூதர். இந்து மதமும் பௌத்தமும் பற்றி 1921-இல் மூன்று பெரிய தொகுதிகள் எழுதியவரும் இவரே. இவருக்கும் கடல் நத்தை பைத்தியம் உண்டு. ராஜினாமாவுக்குப் பிறகு அவர் கவனம் போன இடம் நியூகாசில். 1906-இல் தென்னிந்தியா, இலங்கைக் கடல் நத்தைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, கெலார்டின் படங்களையும் ஆல்டர், ஹான்காக் சேகரிப்பையும் குறித்து என்று போட்டிருக்கிறார். கெலார்டைப் போலவே இவரும் 1931-இல் கப்பலில் ஊர் திரும்பும்போது இறந்தார். கடலிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவருக்கு முன்னால் மேஜையில் இருந்தது என்ன? அரை நூற்றாண்டு சாராயத்தில் ஊறிய வெள்ளைக் கட்டிகள். எந்தக் கட்டி எந்த இனம், கெலார்ட் பெயர் வைத்ததும் வால்டேரில் கிடைத்ததும் ஒன்றா வேறா, பிற்பாடு மற்ற நாட்டார் வைத்த பெயர்களில் எவை இவற்றின் மறுபெயர் என்று பார்க்க வேண்டும். பல்லை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அது சொல்லாததைத் தெரிந்துகொள்ளப் படங்களைத்தான் புரட்டினார். இன்றும் அந்த மியூசியம் நியூகாசிலில் இருக்கிறது. இப்போது கிரேட் நார்த் மியூசியம் ஹான்காக் என்று பெயர்.